எண்ணிக்கையில் உண்டு, பங்கில் இல்லை

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதர் அயோத்திதாசர் 1907 ஜூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். 1914 மே மாதம் மறையும் வரை அதை நடத்தினார். அந்தப் பக்கங்களை முதன்முதலாகப் படிக்கும் மாணவருக்கு ஒரு விஷயம் வியப்பாக இருக்கும். பௌத்தம், இலக்கணம், மருத்துவம், நிலம், கல்வி, காங்கிரஸ், சுதேசியம் என்று விரிந்து செல்லும் அவருடைய எழுத்து, அவ்வப்போது ஓர் அரசாங்கப் படிவத்தின் முன்னால் வந்து நிற்கும். குடிமதிப்புக் கணக்கு எடுக்க வருகிறவர் சாதி என்ற கட்டத்தில் என்ன எழுதுகிறார், மதம் என்ற கட்டத்தில் என்ன எழுதுகிறார் என்பதைப் பற்றி அவர் எழுதுவார். நம் மக்கள் தங்களைச் சாதிபேதமற்ற திராவிடர் என்றும் பௌத்தர் என்றும் பதிய வேண்டும் என்று வற்புறுத்துவார்.

மருந்து கொடுத்துக்கொண்டும் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டும் பௌத்த சங்கம் கட்டிக்கொண்டும் இருந்த ஒருவருக்கு, ஒரு படிவத்தின் கட்டத்தைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? இன்றைய பேச்சு இந்தக் கேள்விக்கான விடைதான்.

விடையைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அதிகாரத்தை நாடுகிறவர்கள் பொய் சொல்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் பெரும்பாலும் பொய் சொல்லத் தேவையே இருப்பதில்லை என்பதைத்தான் நம் வரலாறு காட்டுகிறது. யாரை எண்ணுவது, எந்தப் பெயரில் எண்ணுவது, எந்தக் கேள்வியைக் கேட்டு எண்ணுவது என்பதைத் தீர்மானிக்கும் இடம் கையில் இருந்தால் போதும். ஒரு கோடிப் பேரை இருக்கச் செய்யலாம், இல்லாமல் ஆக்கவும் செய்யலாம். 1906 முதல் 1932 வரையிலான இருபத்தாறு ஆண்டுகளில் நம் முன்னோருக்கு இந்த இரண்டுமே நடந்தன. தொகை வேண்டியபோது அவர்கள் எண்ணிக்கையில் சேர்க்கப்பட்டார்கள். பங்கு பிரிக்க வேண்டியபோது அவர்கள் இல்லவே இல்லை என்றார்கள்.

1. தலைகள் இடங்களான காலம்

பிரிட்டிஷ் இந்தியாவில் முதல் கணக்கெடுப்பு 1871-72இல் நடந்தது. 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை ஒழுங்காக நடக்கத் தொடங்கியது. அந்தத் தொடக்க ஆண்டுகளில் எத்தனை பேர் இந்துக்கள், எத்தனை பேர் முஸ்லிம்கள் என்பது அதிகாரிகளின் அறிக்கைகளுக்குள் கிடந்த விவரம். அதை வைத்து யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே சேரியில் வாழ்கிறவர் இந்துவா என்ற கேள்வியும் அக்கிரகாரத்துக்குப் பெரிதாகப் படவில்லை.

1906 அக்டோபர் 1ஆம் நாள் நிலைமை மாறியது. ஆகா கான் தலைமையில் முஸ்லிம் பிரமுகர்களின் தூதுக்குழு ஒன்று சிம்லாவில் வைசிராய் மிண்டோவைச் சந்தித்தது. வரவிருக்கும் சட்டமன்றங்களில் தங்களுக்குத் தனித் தேர்தல் முறையில் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று கேட்டது. அதோடு இன்னொன்றையும் சுட்டிக்காட்டியது. இந்துக்களின் தொகை என்று காட்டப்படுவதில் தீண்டாதோரும் பழங்குடியினரும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் விகிதம் வேறு மாதிரி இருக்கும் என்றது. 1909இல் மிண்டோ-மார்லி சீர்திருத்தம் வந்தது. முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதிகள் கிடைத்தன. தலைகளின் எண்ணிக்கை, சட்டமன்ற இருக்கைகளாக மாறும் காலம் தொடங்கியது.

அந்த நிமிடத்திலிருந்து நம் மக்களின் தலைக்கு ஒரு விலை ஏற்பட்டது. அந்த விலையை நம் மக்கள் கேட்டு வாங்கவில்லை. இரண்டு பெரிய தரப்புகள் தங்கள் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டபோது நடுவில் நின்றவர்கள் அவர்கள். அதே 1909இல் வங்காளத்தில் யு. என். முகர்ஜி என்பவர் இந்துக்கள் அழிந்துவரும் இனம் என்று வாதிட்டு ஒரு சிறுநூல் வெளியிட்டார். தீண்டாதோரைத் தள்ளிவைத்தால் அவர்கள் வேறு பக்கம் போய்விடுவார்கள், தொகை குறைந்துவிடும் என்ற அச்சம் அன்றைய நடுத்தர வர்க்க வங்காளத்தை உலுக்கியது. மனிதனை மனிதனாக நடத்தாதது அநியாயம் என்று அதுவரை தோன்றாதவர்களுக்கு, தொகை குறையும் என்றதும் அக்கறை பிறந்தது.

2. பத்துக் கேள்விகள்

1910இல் அடுத்த கணக்கெடுப்புக்கான ஏற்பாடுகள் நடந்தன. கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஈ. ஏ. கெயிட் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். இந்துக்கள் என்று எழுதப்படுகிறவர்களில், சில அளவுகோல்களின்படி உண்மையில் அந்த வரையறைக்குள் வராத சாதிகளையும் பழங்குடிகளையும் தனியாகக் குறித்துக் காட்ட வேண்டும் என்றார். அந்த அளவுகோல்கள் பத்து.

பிராமணரின் மேன்மையை மறுப்போர், பிராமணரிடமோ அங்கீகரிக்கப்பட்ட இந்து குருவிடமோ மந்திரம் பெறாதோர், வேதத்தின் அதிகாரத்தை மறுப்போர், பெருந்தெய்வங்களை வணங்காதோர், நல்ல பிராமணர்கள் வீட்டுப் புரோகிதத்துக்கு வராதோர், பிராமணப் புரோகிதரே இல்லாதோர், சாதாரண இந்துக் கோவில்களின் உள்ளே அனுமதிக்கப்படாதோர், தீட்டு உண்டாக்குவோர், இறந்தவரைப் புதைப்போர், மாட்டிறைச்சி உண்டு, பசுவை வணங்காதோர்.

இந்தப் பட்டியலை மாணவர்கள் இரண்டு முறை படிக்க வேண்டும். இதில் சில கேள்விகள் நாம் என்ன செய்கிறோம் என்று கேட்கின்றன. சில கேள்விகள் நமக்கு என்ன செய்யப்படுகிறது என்று கேட்கின்றன. புதைப்பது நம் வழக்கம். கோவிலுக்குள் விடாதது அவர்கள் வழக்கம். இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்தது காலனிய அதிகாரியின் பார்வை. அவருக்கு நம்மீது தனிப் பரிவு இருந்ததாக நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கேள்விகள் அரசாங்கத் தாளில் ஏறியதும் மறைக்க முடியாத ஒன்று வெளியே வந்தது. மத்திய மாகாணங்களில் இந்துக்கள் என எழுதப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குக் கோவிலுக்குள் இடமில்லை என்று 1911 அறிக்கை பதிவு செய்தது. தன் கடவுளைப் பார்க்க அனுமதி இல்லாதவனும் அந்த மதத்தின் தொகையில் ஒருவன் என்ற வினோதம் எண்ணாக அச்சாகியது.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது கடினமல்ல. தீண்டாதோரை இந்துக்களிலிருந்து பிரிக்கும் சதி இது என்று கூச்சல் எழுந்தது. அந்தச் சுற்றறிக்கை, உறங்கிக் கிடந்த வைதிக இந்து சமூகத்தைத் தீண்டாதோர் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது என்ற பொருளில் லாலா லஜபதி ராயே எழுதினார். ஆரிய சமாஜத்தின் சுத்திச் சடங்குகள் வேகம் பிடித்தன. சேரியின் கிணறு அப்படியே இருந்தது. கோவில் கதவு அப்படியே இருந்தது. மாறியது ஒன்றுதான்: சேரி மக்கள் எங்களவர்கள் என்று மேடையில் சொல்லும் வழக்கம் வந்தது.

பண்டிதரின் கவலை இப்போது நமக்குப் புரியும். நீங்கள் யார் என்று கேட்கும் கட்டத்தில் நீங்கள் எழுதாவிட்டால், உங்களைத் தெருவில் நடக்க விடாதவர் தன் கூட்டத்தோடு சேர்த்து எழுதிக்கொள்வார். பிறகு அந்தத் தொகையைக் காட்டி அவர் வாங்கும் அதிகாரம் உங்கள் தெருவுக்கு வராது.

3. ஒரு தீர்மானத்தின் விலை

1917 ஆகஸ்ட் 20 அன்று இந்திய அமைச்சர் மாண்டேகு, படிப்படியாகப் பொறுப்பாட்சி வழங்கப்படும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். காங்கிரசும் முஸ்லிம் லீகும் சேர்ந்து ஒரு திட்டத்தை முன்வைத்திருந்தன. அந்தத் திட்டத்துக்கு எல்லாத் தரப்பு ஆதரவும் இருப்பதாகக் காட்ட வேண்டிய தேவை இருந்தது. நவம்பரில் பம்பாயில், நாராயண் சந்தாவர்க்கர் தலைமையில் ஒடுக்கப்பட்டோர் கூட்டம் ஒன்று நடந்தது. அந்தக் கூட்டம் காங்கிரஸ்-லீக் திட்டத்தை ஆதரித்தது. கூடவே, ஒடுக்கப்பட்டோர் மீதான தடைகளை நீக்குவது பற்றிக் காங்கிரஸ் ஒரு தீர்மானம் போட வேண்டும் என்றும் கேட்டது. அடுத்த மாதமே கல்கத்தாவில், அன்னி பெசண்ட் தலைமையில் கூடிய காங்கிரஸ் மாநாடு அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றியது.

காங்கிரஸ் பிறந்தது 1885இல். முப்பத்திரண்டு ஆண்டுகள் தீண்டாமை அதன் மேடைக்குச் சமூகப் பிரச்சினை, அரசியல் பிரச்சினை அல்ல. 1895இல் பூனாவில் சமூக சீர்திருத்த மாநாட்டைக் காங்கிரஸ் பந்தலில் நடத்தக் கூடாது என்று வைதிகர்கள் தடுத்தபோது, காங்கிரஸ் பணிந்தது. அப்படிப்பட்ட இயக்கத்துக்கு 1917இல் திடீரென்று மனசாட்சி விழித்துக்கொண்டதா என்ற கேள்வியை அம்பேத்கர் பின்னாளில் எழுப்பினார். அவர் தந்த விடை நமக்குத் தெரியும்: அது ஒரு கொடுக்கல் வாங்கல். இந்தத் தீர்மானத்தை நாம் கேலி செய்யவில்லை. அதிலிருந்து சிலர் நேர்மையாகவே உழைக்கத் தொடங்கியிருக்கலாம். ஆனால் ஓர் உண்மை எப்போது பேசப்படுகிறது, எதற்காகப் பேசப்படுகிறது என்பதை வரலாற்று மாணவர் கேட்டே தீர வேண்டும்.

4. கோடிகள் கரைந்த கதை

இதுவரை சொன்னது, நம் மக்களைச் சேர்த்துக்கொண்ட கதை. இனி அவர்களைக் காணாமல் ஆக்கிய கதை.

1930-31இல் லண்டனில் வட்டமேசை மாநாடுகள் நடந்தன. முதல் மாநாட்டுக்கு அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் சென்றார்கள். தீண்டாதோர் தனித்த அரசியல் தரப்பு, அவர்களுக்குரிய பிரதிநிதிகள் அவர்களிடமிருந்து வர வேண்டும் என்ற கோரிக்கை உலகின் முன் வைக்கப்பட்டது. இப்போது கேள்வி வேறு. தீண்டாதோர் இந்துக்களில் ஒரு பகுதியா என்பது இனிப் பிரச்சினை இல்லை. அவர்கள் எத்தனை பேர், அதற்கேற்ப எத்தனை இடங்கள் என்பதே பிரச்சினை. அந்த இடங்கள் பொதுத் தொகுதிகளிலிருந்து, அதாவது சாதி இந்துக்கள் தமக்கு என்று நினைத்துக்கொண்டிருந்த பங்கிலிருந்துதான் பிரிய வேண்டும்.

வாக்குரிமையை வகுக்க லோதியன் தலைமையில் ஒரு குழு 1932இல் இந்தியா முழுவதும் சென்றது. அம்பேத்கர் அதில் உறுப்பினர். ஒவ்வொரு மாகாணத்திலும் மாகாண அரசு ஒரு கணக்கைத் தந்தது. அந்தந்த மாகாணப் பிரமுகர்களைக் கொண்ட மாகாணக் குழுவும் ஒரு கணக்கைத் தந்தது. 1931 கணக்கெடுப்பின் எண்களும் கையில் இருந்தன. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அம்பேத்கர் எழுதியிருக்கிறார். அந்த அட்டவணையைவிடக் கடுமையான அரசியல் கட்டுரை ஒன்றை நாம் படித்ததில்லை.

ஐக்கிய மாகாணம், அதாவது இன்றைய உத்தரப் பிரதேசம்: கணக்கெடுப்பின்படி தீண்டாதோர் 1 கோடியே 26 லட்சம். மாகாண அரசின் கணக்கு 68 லட்சம். மாகாணக் குழுவின் கணக்கு 6 லட்சம்.

வங்காளம்: கணக்கெடுப்பின்படி 1 கோடியே 3 லட்சம். மாகாண அரசின்படி 1 கோடியே 12 லட்சம். மாகாணக் குழுவின்படி 70 ஆயிரம்.

பஞ்சாப்: கணக்கெடுப்பின்படி 13 லட்சம். மாகாண அரசின்படியும் 13 லட்சம். மாகாணக் குழுவின்படி யாரும் இல்லை.

இதற்கு முன்பு சவுத்பரோ குழுவும் சைமன் ஆணையமும் இந்த மாகாணங்களில் தீண்டாதோர் லட்சக்கணக்கிலும் கோடிக்கணக்கிலும் இருப்பதாகவே எழுதியிருந்தன. அப்போது பெரிய மறுப்பு வரவில்லை. அந்த எண்களால் அப்போது யாருடைய நாற்காலியும் அசையவில்லை. நாற்காலி அசையும் என்று தெரிந்த ஆண்டில், கங்கைச் சமவெளியில் ஒரு கோடிக்கு மேற்பட்ட மனிதர்கள் ஆவியானார்கள்.

இது எப்படி நடந்தது என்பதுதான் நாம் கற்க வேண்டிய பாடம். யாரும் வீடு வீடாகப் போய்ப் பொய்க் கணக்கு எழுதவில்லை. வரையறையைச் சுருக்கினார்கள், அவ்வளவுதான். தீண்டாமை என்றால் தொட்டவுடன் குளிக்க வேண்டிய தீட்டு. அல்லது தெற்கே மலபாரிலும் தமிழ்நாட்டிலும் உள்ளதுபோல் இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டிய தீட்டு. அப்படி எங்கள் மாகாணத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். ரயிலில் பக்கத்தில் உட்காருகிறார்களே, சந்தையில் இடித்துக்கொண்டு போகிறார்களே என்றார்கள். நம் ஊர்க் கொடுமையே வடக்கிலுள்ளவர்களின் சாக்காகப் பயன்பட்டது. இங்கே அதை மறைக்க முடியவில்லை. அங்கே, இங்குள்ள அளவுக்கு இல்லை என்பதையே இல்லை என்பதற்குச் சான்றாக்கினார்கள்.

அம்பேத்கர் இதற்குக் குழுவின் முன்பே பதில் சொன்னார். தொட்டால் தீட்டு என்ற நேர்ப்பொருளில் மட்டும் தீண்டாமையைத் தேடாதீர்கள். நவீன வாழ்க்கை தொடுவதைத் தவிர்க்க முடியாததாக்கிவிட்டது. ஆனால் தொடத்தகாதவன் என்ற எண்ணம் மனத்தில் அப்படியே இருக்கிறது. அந்த எண்ணம்தான் அவனை எல்லா இடத்திலிருந்தும் விலக்குகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். ரயிலில் பக்கத்தில் உட்காருகிறவர் ஊரில் இறங்கியதும் எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறார் என்று பார்த்தால் போதும். 1927இல் மகாத் குளத்திலும் 1930இல் நாசிக் காலாராம் கோவில் வாசலிலும் நம் மக்கள் அடிவாங்கி நிரூபித்தது அதைத்தான்.

5. பெயர் சொன்னவர்கள்

மறுத்தவர்களின் கதையை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பாதிக் கதை. நம் மக்கள் எண்ணப்படுவதற்காகக் காத்திருக்கவில்லை. சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 1922இல் எம். சி. ராஜா முயன்று, அரசாங்கப் பதிவேடுகளில் இழிவாக வழங்கிய பெயர்களுக்குப் பதில் ஆதிதிராவிடர் என்ற பெயரைக் கொண்டுவந்தார். வங்காளத்தில் சண்டாளர் என்று எழுதப்பட்ட மக்கள் நீண்ட காலம் போராடி 1911 கணக்கெடுப்பில் நாமசூத்திரர் என்ற பெயரைப் பெற்றார்கள்.

பஞ்சாப் கதை இன்னும் கூர்மையானது. அமெரிக்கா சென்று கதர் இயக்கத்தில் இருந்து திரும்பிய மங்கு ராம், 1926இல் ஆத் தர்ம் இயக்கத்தைத் தொடங்கினார். நாங்கள் இந்துவும் அல்ல, சீக்கியரும் அல்ல, முஸ்லிமும் அல்ல, இந்த மண்ணின் ஆதி மக்கள் என்றது அந்த இயக்கம். 1931 கணக்கெடுப்பில் தங்களை ஆத் தர்மி என்று எழுதச் சொன்னவர்கள் 4 லட்சத்து 18 ஆயிரத்துக்கு மேல். அவர்கள் பெரும்பாலும் நிலமில்லாதவர்கள். நிலம் வைத்திருப்பவரின் வயலில் கூலிக்குப் போகிறவர்கள். கணக்கெடுப்பவர் முன் பெயரைச் சொல்வது நாளைய கூலியைப் பணயம் வைப்பது. அதையும் மீறிச் சொன்னார்கள்.

அடுத்த ஆண்டே, அதே பஞ்சாபில், தீண்டாதோர் யாரும் இல்லை என்று மாகாணக் குழு சொன்னது.

6. பூஜ்யமும் எட்டும்

எண்கள் வெறும் எண்களாக நிற்கவில்லை. 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் மக்டொனால்டு வகுப்புவாரித் தீர்ப்பை வெளியிட்டார். மாகாணச் சட்டமன்றங்களில் தீண்டாதோருக்குத் தனித் தேர்தல் முறையில் 71 இடங்கள். சென்னைக்கு 18. வங்காளத்துக்கு 10. ஐக்கிய மாகாணத்துக்கு 12. பஞ்சாபுக்கு ஒன்றுகூட இல்லை. யாரும் இல்லை என்று சொன்ன மாகாணத்தில் இடமும் இல்லாமல் போயிற்று.

காந்தியார் எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் அரசியலைப் பற்றி நம் அரங்குகளில் நிறையப் பேசியிருக்கிறோம். இன்று அதன் எண்களை மட்டும் பார்ப்போம். 71 இடங்கள் 148 ஆயின. சென்னைக்கு 30. வங்காளத்துக்கு 10க்குப் பதில் 30. பஞ்சாபுக்குப் பூஜ்யத்துக்குப் பதில் 8.

மே மாதம் வரை இல்லாதிருந்த மனிதர்கள் செப்டம்பரில் எங்கிருந்து வந்தார்கள்?

மாறியது தேர்தல் முறை. தீர்ப்பின்படி அந்த 71 பேரைத் தீண்டாதோர் மட்டுமே தேர்ந்தெடுப்பார்கள். ஒப்பந்தத்தின்படி, நம் மக்கள் முதலில் நான்கு பேர் கொண்ட பட்டியலைத் தேர்ந்தெடுக்கலாம். இறுதியில் அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது சாதி இந்துக்களும் சேர்ந்த பொது வாக்கு. தேர்ந்தெடுக்கும் கை நம்முடையதாக இருந்தபோது நாம் பின்னம். அந்தக் கையில் பெரும்பான்மை அவர்களுடையதானபோது நாம் முழு எண். இந்த மாற்றத்தை நாம் இப்படித்தான் படிக்கிறோம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட எல்லோருடைய உள்நோக்கமும் இதுதான் என்று சொல்லவில்லை. உயிர் ஒன்றைக் காக்க வேண்டும் என்ற நெருக்கடி உண்மையானது. எம். சி. ராஜா போன்ற நம் தலைவர்கள் சிலர் கூட்டுத் தொகுதியைத் தம் சொந்தக் காரணங்களால் முன்பே ஏற்றிருந்ததும் உண்மை. வங்காளத்தில் சாதி இந்துக்கள் அந்த 30 இடங்களையும் பொறுக்காமல் ஒப்பந்தத்தையே எதிர்த்துக் கிளம்பியதும் உண்மை. ஆனால் ஒரு மக்களின் தொகை, அவர்களுக்குக் கிடைக்கப்போகும் அதிகாரத்தின் தன்மையைப் பொறுத்து ஏறி இறங்கியது என்பதை இந்த எண்களே சொல்கின்றன.

7. இன்றைய பூஜ்யங்கள்

இது எப்போதோ நடந்த கதை என்று மாணவர்கள் நினைத்துவிடக் கூடாது.

மனிதக் கழிவை மனிதர் அள்ளும் தொழிலை ஒழிக்க 1993இல் சட்டம் வந்தது. பத்தாண்டு கழித்து, சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பல மாநிலங்கள் என்ன பதில் சொன்னன? எங்கள் மாநிலத்தில் அப்படி யாரும் இல்லை என்று உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்தன. இயக்கத் தோழர்கள் ஊர் ஊராகப் போய், கூடையோடு நிற்கும் பெண்களின் படங்களையும் விவரங்களையும் திரட்டி நீதிமன்றத்தில் வைத்தார்கள். 2011 கணக்கெடுப்பு, கழிவை மனிதர் அள்ளும் கழிப்பிடங்கள் நாட்டில் சுமார் 7.94 லட்சம் இருப்பதாகச் சொன்னது. 2014இல் தீர்ப்பு வந்தது. ஆனால் பூஜ்யம் சொல்லும் பழக்கம் ஒழியவில்லை. வரையறை மட்டும் மாறியது. உலர் கழிப்பிடத்தில் அள்ளுபவரே அந்தச் சொல்லுக்குள் வருவார், சாக்கடைக் குழிக்குள் இறங்கி இறப்பவர் வேறு கணக்கு என்று பிரித்தார்கள். இறந்தவர் எந்தக் கணக்கில் இறந்தார் என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு பூஜ்யம் நமக்கு மிக அருகில் இருக்கிறது. 1950இல் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியார் என்றால் இந்துக்கள் மட்டுமே என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரான தலித்துக்கு இன்றும் அந்தப் பட்டியலில் இடமில்லை. கல்லறையில் சுவர் எழுப்பிப் பிரிக்கும் ஊர் அவரைத் தலித் என்று தெளிவாக அறிந்திருக்கிறது. அரசாங்கப் பதிவேட்டுக்கு மட்டும் அது தெரியவில்லை. ஊருக்குத் தெரிந்ததை அரசு தெரியாதென்று சொல்லும்போது, யாருடைய பங்கு காப்பாற்றப்படுகிறது என்று கேளுங்கள்.

எங்கள் ஊரில் தீண்டாமை இல்லை என்ற வாக்கியத்தை நாம் ஒவ்வொருவரும் கேட்டிருக்கிறோம். லோதியன் குழு 1932இல் வைத்த சோதனைகளில் ஒன்று, பொதுக் கோவிலுக்குள் நுழைய முடிகிறதா என்பது. 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோவிலுக்குச் சீல் வைக்கப்பட்டது. நம் மக்கள் உள்ளே போகலாமா என்ற தகராறு அதற்குக் காரணம். தொண்ணூறு ஆண்டுகள் கழித்தும் அதே கேள்வி, அதே வாசல்.

8. நம் வீட்டுக் கணக்கு

இந்த இடத்தில் பேச்சை முடித்தால் எல்லோரும் கைதட்டிவிட்டுப் போகலாம். ஆனால் நினைவுச் சொற்பொழிவு என்பது நம்மையும் சேர்த்துக் கேள்வி கேட்கும் இடம்.

2009இல் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினரின் 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, உட்பிரிவு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. உள் ஒதுக்கீட்டின் நன்மை தீமைகளைப் பற்றி நம்மிடையே நேர்மையான கருத்து வேறுபாடுகள் உண்டு. அவை இருக்கட்டும். கிரீமி லேயர் பற்றிய நீதிபதிகளின் கருத்துகளை நாம் எதிர்ப்பதற்கும் காரணங்கள் உண்டு. ஆனால் விவாதத்தின்போது நம் மேடைகளில் எழுந்த ஒரு குரலை நாமே கேட்க வேண்டும். நமக்குள் வேறுபாடே இல்லை, எல்லோரும் ஒன்றுதான், இப்படிக் கேட்பதே நம்மைப் பிரிக்கும் சதி என்றது அந்தக் குரல்.

இந்த வாக்கியத்தை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? 1910இல் கெயிட் சுற்றறிக்கைக்கு எதிராகக் கேட்டோம். 1932இல் ஐக்கிய மாகாணத்தில் கேட்டோம். துப்புரவுப் பணியில் தலைமுறை தலைமுறையாகத் தள்ளப்பட்ட ஒருவர், எங்கள் பிள்ளைகள் கல்லூரியில் எத்தனை பேர், அரசு வேலையில் எத்தனை பேர் என்று கணக்குக் கேட்டால், கணக்கைக் காட்டுவதுதான் நாம் பண்டிதரிடமிருந்து கற்ற நேர்மை. அந்தக் கணக்கு நம் தரப்பு வாதத்துக்கு உதவாமல் போகலாம். உதவும் எண்ணை மட்டும் உரக்கச் சொல்லி, உதவாத எண்ணை மறைத்தால் நாமும் ஒரு மாகாணக் குழுவாகிவிடுவோம். ஒற்றுமை நமக்குத் தேவை. அது எண்ணிப் பார்க்கப்படுவதைத் தாங்கும் ஒற்றுமையாக இருக்க வேண்டும்.

9. வாசலில் வரும் படிவம்

வரும் கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளையும் எண்ணப்போவதாக 2025 ஏப்ரல் 30 அன்று ஒன்றிய அரசு அறிவித்தது. 1931க்குப் பிறகு நாடு முழுவதும் அப்படி எண்ணி வெளியிட்டதில்லை. 2011இல் எடுத்த சமூகப் பொருளாதாரச் சாதிக் கணக்கின் சாதி விவரங்கள் வெளிவரவே இல்லை. ஆகவே எண்ணுவது ஒரு வேலை, எண்ணியதை வெளியிட வைப்பது இன்னொரு வேலை. இரண்டாவதுதான் கடினமானது.

மாணவ நண்பர்களுக்கு மூன்று வேலைகள் சொல்லி முடிக்கிறோம். ஒன்று: படிவம் வருவதற்கு முன்பே உங்கள் தெருவில் உட்கார்ந்து, அதில் என்ன கேள்விகள் இருக்கின்றன, எந்தக் கேள்வி இல்லை என்று மக்களோடு பேசுங்கள். இரண்டு: எந்த எண்ணைப் பார்த்தாலும் அதற்குப் பின்னால் உள்ள வரையறையைத் தேடுங்கள், யார் அதை வகுத்தார்கள், அதனால் யாருடைய பங்கு குறையாமல் இருக்கிறது என்று கேளுங்கள். மூன்று: நமக்குள்ளேயே கடைசியில் நிற்பவர் சொல்லும் கணக்கை முதலில் எழுதுங்கள்.

நூறாண்டுகளுக்கு முன் பஞ்சாபில் பிறர் வயலில் கூலிக்கு நின்ற ஒரு மனிதர், பெயர் கேட்டவரின் முகத்தைப் பார்த்து ஆத் தர்மி என்று எழுதச் சொன்னார். அப்படி யாரும் இல்லை என்று மாகாணக் குழு பிறகு எழுதியது. அந்தக் குழுவின் கணக்கு இன்று அதன் கூச்சத்துக்குச் சான்றாக மட்டுமே படிக்கப்படுகிறது. அந்த மனிதர் சொன்ன பெயர் கணக்கில் நிற்கிறது. பண்டிதர் ‘தமிழன்’ பக்கங்களில் நம்மிடம் கேட்டதும் அதைத்தான்.

ஜெய் பீம்.